கரிசல் மண்ணில் ஒரு மொழியாசிரியர்: வீரமாமுனிவர்



ஆண்டுதோறும் ஆகஸ்டு 15ஆம் நாள் நெருங்கும்போது கோவில்பட்டியிலிருந்து காமநாயக்கன்பட்டிக்குச் செல்லும் பேருந்துகளில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. நடந்தே செல்கிறவர்களும் உண்டு. பரலோக மாதாவின் பாதத்தில் மெழுகுதிரி ஏற்றி, தேர் பார்த்து, பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு நாம் திரும்பி விடுகிறோம். ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அதே கரிசல் பாதையில் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசிக்கொண்டு நடந்த ஓர் இத்தாலியக் குருவை அந்த நெரிசலில் நாம் நினைப்பது அரிது. அவரே வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் அருட்தந்தை கொன்ஸ்தாந்தினோ யோசேப் பெஸ்கி.

பள்ளிக்கூடத்தில் அவரைத் தேம்பாவணி பாடிய புலவர் என்று படித்தோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்தால் எழுதினோம். இந்தச் சிந்தனையில் அவருடைய வேறொரு முகத்தைக் காண விரும்புகிறோம். அது மொழி கற்பித்தவரின் முகம். இன்னும் சரியாகச் சொன்னால், மொழி கற்பிக்கிறவர்களுக்குத் தலைமை தாங்கியவரின் முகம்.

இந்த எண்ணம் நமக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த வாரத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது ஓர் ஆசிரியை நம்மிடம் பேசினார். அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறார். மூத்தவர் என்பதால் எல்லா வகுப்புகளின் ஆங்கிலப் பாடத்தையும் கவனிக்கிற பொறுப்பு அவர் தலையில். பதவிப் பெயர் இல்லை, தனிச் சம்பளம் இல்லை. பொறுப்பு மட்டும் உண்டு. ஓர் ஆசிரியர் இலக்கண விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார், மற்றவர் விதியே வேண்டாம், பேசினால் போதும் என்கிறார். அகராதி அலமாரியில் புத்தம் புதிதாக இருக்கிறது, திறப்பாரில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கும் பருத்திக் காட்டுக்கும் போகிற பெற்றோரின் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம் காதில் விழ வழியில்லை. இதில் நான் எங்கிருந்து சுவாமி தொடங்குவது என்று அவர் பங்குத்தந்தையிடம் கேட்டபோது நாம் அருகில் நின்றோம். பங்குத்தந்தை சிரித்துவிட்டு, காமநாயக்கன்பட்டியில் ஒருவர் தொடங்கினாரே, அவரைப் போய்ப் படியுங்கள் என்றார். ஆசிரியையோடு நாமும் படிக்கத் தொடங்கினோம்.

பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் கஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊர்தான். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். அக்காலத்து இயேசு சபைக் கல்லூரிகள் எல்லாம் 1599இல் வகுக்கப்பட்ட ஒரே கல்வித் திட்டத்தின்படி நடந்தன. லத்தீன் எந்தப் பிள்ளைக்கும் வீட்டுமொழி அல்ல. ஆகவே படிப்படியாக ஏற்றினார்கள். முதலில் இலக்கண வகுப்புகள் மூன்று, அதற்கு மேல் இலக்கிய வகுப்பு, அதற்கும் மேல் சொற்கலை வகுப்பு. நேற்றுப் படித்ததை இன்று திருப்பிச் சொல்ல வேண்டும்; படித்த நடையில் தானே எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு படியில் கால் ஊன்றாமல் அடுத்த படிக்கு அனுப்ப மாட்டார்கள். பெஸ்கி இந்தப் படிக்கட்டில் ஏறி வந்த மாணவர். பின்னாளில் அவர் தமிழுக்குச் செய்த நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதே படிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது.

1709இல் குருவானார். மதுரை மறைத்தளத்திற்குச் செல்ல விரும்பி, சபைத் தலைவரின் அனுமதி பெற்று, லிஸ்பனில் கப்பலேறி 1710 அக்டோபரில் கோவா சேர்ந்தார். 1711இல் மதுரைப் பகுதிக்கு வந்துவிட்டார். அவருக்கு முன் இங்கே தமிழ் படித்த குருக்கள் உண்டு. முத்துக்குளித்துறையில் அருட்தந்தை என்ரிக்கே என்ரிக்கஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1578இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி உரைநடையில் நூல்கள் பல செய்தார். ஆனாலும் ஒவ்வொரு புதிய குருவும் வந்து இறங்கியவுடன் ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. கையெழுத்துக் குறிப்புகள், ஒரு வேதியரின் வாய்ப்பாடம், தன் காது. இவ்வளவுதான் பாடசாலை.

காமநாயக்கன்பட்டி அப்போது மதுரை மறைத்தளத்தின் தென்பகுதியில் ஒரு முக்கிய நிலையம். மதுரையில் நாயக்கர் ஆட்சி, சுற்றிலும் பாளையங்கள், எட்டயபுரம் அவற்றுள் பெரியது. மானாவாரிப் பூமி. மழை பெய்தால் கால் புதையும் களிமண்; காய்ந்தால் மாட்டின் குளம்பு மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி என்று வானத்தை நம்பி விதைக்கிற மக்கள். தமிழோடு தெலுங்கும் வீடுகளில் ஒலிக்கிற ஊர்கள் இவை. இந்த மண்ணில் தமிழ் கேட்டவருக்கு முதல் பாடமே கடினம். ஏட்டில் கண்டது ஒன்று, களத்துமேட்டில் கேட்டது வேறு. இருக்கிறது என்பது இருக்கு ஆகும். வந்துகொண்டிருக்கிறான் என்பது இரண்டு அசையில் முடிந்துவிடும்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் குருக்களுக்கு மொழி தேர்வுக்குரிய பாடம் அல்ல. குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை வருவதே பெரிது. அந்த ஒரு வருகையில் ஒரு கிழவி பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். பல் இல்லாத வாய், அழுகை, கரிசல் வழக்கு. அவள் சொல்வது குருவுக்கு விளங்கவில்லை என்றால் அவள் யாரிடம் சொல்வாள்? அடுத்த ஆண்டு அவள் இருப்பாளா? மரணப் படுக்கையில் இருக்கிறவனிடம் குரு சொல்லும் ஆறுதல் வார்த்தை அவனுக்கு விளங்கவில்லை என்றால் அந்த வார்த்தையால் என்ன பயன்? பேச்சுத் தமிழை இழிவாக நினைத்துக் கைவிட அவர்களால் முடியவில்லை. உயர்ந்த தமிழ் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. ஏனெனில் படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். இரண்டு தமிழும் வேண்டும். எதை முதலில் கற்பது, எதை யாருக்குக் கற்பிப்பது என்பதுதான் பெஸ்கியின் வாழ்நாள் கேள்வி ஆயிற்று.

1714-15இல் அவருக்குத் துன்பம் வந்தது. எதிர்ப்பு எழுந்து, பிடிக்கப்பட்டு, மரண தண்டனை வரைக்கும் சென்று உயிர் தப்பினார். தப்பியவர் ஊருக்குத் திரும்புகிற கப்பலைத் தேடவில்லை. தமிழ் ஏடுகளைத் தேடினார். பழனி சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வயது முப்பதைக் கடந்த ஒரு குரு, மேல்நாட்டில் இறையியல் முடித்தவர், தரையில் அமர்ந்து எழுத்தசை சீர் தளை என்று மாணவனாகத் தொடங்கினார். திருக்குறளைப் படித்தது மட்டும் அல்லாமல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்க்கும் அளவுக்குச் சென்றார். கற்பிக்கிறவர்களுக்குத் தலைவராக இருக்கிறவர் கற்கிறவராகவும் இருக்க வேண்டும் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். செய்கிறவர்கள் குறைவு.

பின்னர் அவருடைய பணித்தளம் வடக்கே நகர்ந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதா. திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி, கித்தேரியம்மாள் அம்மானை என்று பாடல் நூல்கள் பிறந்தன. புனித சூசையப்பரின் வாழ்வை 3 காண்டங்களில், 36 படலங்களில், 3615 பாடல்களில் பாடிய தேம்பாவணி 1726இல் நிறைவு பெற்றது. இவை எல்லாம் நீங்கள் அறிந்தவையே. தேம்பாவணியை முடித்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வியப்பு. அவ்வளவு பெரிய காப்பியத்தைப் பாடியவர் அடுத்து அமர்ந்து எழுதியவை வேதியருக்கான கையேடும், தொடக்கநிலை மாணவருக்கான இலக்கணமும், அகராதியும். 1727 முதல் 1732 வரையிலான அந்த ஐந்தாறு ஆண்டுகள் ஒரு பள்ளியின் மொழித் துறைக்குத் தேவையான அத்தனை நூல்களையும் ஒரே மனிதர் செய்து முடித்த ஆண்டுகள். கட்டடம் மட்டும்தான் இல்லை.

முதலில் வேதியர் ஒழுக்கம், 1727. இன்றைய தலைமுறைக்கு வேதியர் என்றால் யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உபதேசியார் என்று நம் பாட்டிமார் அழைத்தவர்களே அவர்கள். குரு இல்லாத நாள்களில் ஊரைத் தாங்கியவர்கள் அவர்களே. ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, சாகும் தறுவாயில் இருப்போருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது, பங்காளிச் சண்டையை விலக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு குருவின் கீழ் பல வேதியர். குரு ஒருவர் தவறாகக் கற்பித்தால் ஒருவர் தவறு. வேதியர் தவறாகக் கற்றுக்கொண்டால் பத்து ஊர் தவறு. பெஸ்கி அவர்களுக்குக் கவிதையில் எழுதவில்லை. தெளிவான உரைநடையில், அவர்கள் வாசித்தால் விளங்கும் வகையில், அவர்கள் கடமையையும் வாழ்க்கை முறையையும் எடுத்துச் சொன்னார். என்ன கற்பிப்பது என்பதற்கு முன் கற்பிக்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதை வைத்தார். தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்நூலைத் தவிர்க்க முடியாமல் குறிப்பிடுவது அதன் நடைக்காக. வேதியர்களுக்கு அந்த நடையால்தான் அது பயன்பட்டது.

அடுத்தது, நம் ஆசிரியையின் கேள்விக்கு மிக நெருக்கமான நூல். 1728இல் புதிய குருக்களுக்காக லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம். கொடுந்தமிழ் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மக்கள் அன்றாடம் பேசுகிற தமிழை அவர் அந்தப் பெயரால் குறித்தார். அதுவரை இங்கே பேச்சுக்கு இலக்கணம் எழுதத் தமிழ்ப் புலவர்கள் எண்ணியதில்லை; அவர்களுக்கு அதற்குத் தேவையும் இல்லை. நன்னூல் தாய்மொழியாளருக்கு எழுதப்பட்டது. வெளியிலிருந்து வருகிறவனுக்கு நன்னூலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பெயரெச்சம் வினையெச்சம் சொல்வான். கடையில் உப்பு கேட்கத் தெரியாது. செந்தமிழை நன்கு அறிந்தவர்கள் இந்நாட்டு மக்களிடையேயும் சிலரே என்பதைப் பெஸ்கி கண்டிருந்தார். ஆகவே முதல் படியாகப் பேச்சுத் தமிழை வைத்தார். எழுத்தை எப்படி ஒலிப்பது, பெயர் எப்படி வேற்றுமை ஏற்கிறது, வினை எப்படிக் காலம் காட்டுகிறது, சொற்கள் எப்படித் தொடராகின்றன என்று தான் இடறிய இடங்களையெல்லாம் அடுத்தவர் இடறாதபடி குறித்து வைத்தார். காமநாயக்கன்பட்டியில் காதால் கற்ற நாள்கள் வீண்போகவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

இதைப் படித்தபோது வேறொருவர் நினைவும் வந்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் நம் கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதி செய்தார். பள்ளிக்கூடத்துத் தமிழில் இடம் கிடைக்காத சொற்கள் அவை. காலமும் நோக்கமும் வேறு வேறு. ஆனால் பேச்சைக் கவனித்துக் கேட்டு எழுதியவர்கள் இருவர் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை.

கொடுந்தமிழோடு அவர் நின்றுவிடவும் இல்லை. பேசத் தெரிந்தால் போதும், மேலே எதற்கு என்கிற பேச்சு அப்போதும் இருந்திருக்கும், எப்போதும் இருக்கிறது. 1730இல் செந்தமிழுக்கு லத்தீனில் தனி இலக்கணம். அதே காலத்தில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே தொன்னூல் விளக்கம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தும் அடங்கியது. செந்தமிழின் ஐந்து இலக்கணங்களையும் லத்தீனில் விளக்கும் திறவுகோல் என்றொரு நூலும் உண்டு. அது அவர் இறந்து நெடுங்காலம் கழித்து 1876இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. முதலில் பேச்சு, அதன்மேல் இலக்கிய மொழி, அதன்மேல் செய்யுளும் அணியும். கஸ்திலியோனே பையன் லத்தீன் படித்த படிக்கட்டு இதுவே அல்லவா?

பிறகு அகராதி. 1732இல் சதுரகராதி வந்தது. நம் முன்னோர் சொற்பொருளை நிகண்டுகளில் வைத்திருந்தார்கள். திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் செய்யுள் நூல்கள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டவை. மனப்பாடம் செய்தவனுக்கு அவை பொக்கிஷம். ஒரு சொல்லைக் கண்டு பொருள் தெரியாமல் நிற்கிறவனுக்கு அவற்றில் தேடுகிற வழி இல்லை. 1594இல் இரேவண சித்தர் சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் அமைத்து அகராதி நிகண்டு செய்தார், அதுவும் செய்யுளே. பெஸ்கி செய்யுளை விட்டார். சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதி. சொல்லைக் கொண்டு பொருளைக் காண ஒன்று. பொருளைக் கொண்டு அதற்குரிய பல சொற்களைக் காண ஒன்று. முக்கனி, நவமணி போன்ற தொகைகளுக்கு ஒன்று. எதுகைச் சொல் தேடுகிற கவிஞனுக்கு ஒன்று. ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் மாணவன் தானே தேடிக்கொள்ளலாம். இதன் பயனை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. நிகண்டை மனத்தில் வைத்திருந்தவரை ஆசிரியரை விட்டால் வழியில்லை. அகர வரிசை தெரிந்த சிறுவனுக்கு அந்தக் கதவு திறந்துவிட்டது. இது தவிரத் தமிழ்-லத்தீன் அகராதி, போர்த்துக்கீசிய-தமிழ்-லத்தீன் அகராதி ஆகியவற்றையும் செய்தார்.

எழுத்திலும் கை வைத்தார். ஓலைச்சுவடிகளில் எ, ஏ இரண்டுக்கும் வடிவம் ஒன்று. குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் விட்டுவிடுவார்கள். எரி என்றா, ஏரி என்றா? நெருப்பா, தண்ணீரா? தாய்மொழியாளன் இடம் பார்த்து ஊகிப்பான். புதிதாகப் படிக்கிறவன் மாட்டிக்கொள்வான். நெடிலைத் தனியாகக் காட்டும் வடிவங்களும், ஏகார ஓகார உயிர்மெய்களுக்கு இரட்டைச் சுழிக் கொம்பும் அவர் வழியாக நிலைபெற்றன என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் நீங்கள் வாசிக்கிற ஒவ்வொரு தே, போ, மே ஆகியவற்றிலும் அந்த இரட்டைச் சுழி இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஒன்று குறைந்தது. இலக்கணம் படித்தாயிற்று, அகராதி கையில் இருக்கிறது, எதை வாசிப்பது? கம்பராமாயணத்தைத் தொடக்க மாணவனிடம் கொடுக்க முடியாது. செப நூல் அவன் ஏற்கெனவே அறிந்தது. அவர் ஒரு கதை எழுதினார். பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பார்கள். ஆற்றைக் கடந்து ஆள் எண்ணும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவன் செத்தான் என்று அழுவார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவார்கள். எளிய தமிழ், குறும்பான தமிழ், பக்கத்தில் லத்தீன். சிரித்துக்கொண்டே படிக்கிற மாணவன் வினைமுற்றுகளையும் எச்சங்களையும் தெரியாமலே விழுங்கிவிடுவான். குருமாரைக் கேலி செய்கிற நூல் என்று இதன்மேல் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு; சொல்வதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் ஒரு துறவி, தானும் குரு என்று அழைக்கப்படுகிறவர், முட்டாள் குருவைக் கதாநாயகனாக வைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் ஆசிரியை இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடினார். அவர் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளெண்ணும் கதை முன்பே தெரியும், பாட்டி சொல்லியிருக்கிறாள். தெரிந்த கதையை எளிய ஆங்கிலத்தில் பத்து வாக்கியமாக எழுதி, நாடகமாக நடிக்க விட்டிருக்கிறார். மூடனாக நடிக்கப் பிள்ளைகளிடையே போட்டியாம். ஒன்று முதல் ஆறு வரை எண்ணத் தெரியாதவன்போல் நடிப்பதற்காக ஒரு பையன் எண்களைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டான் என்று சொல்லிச் சிரித்தார். மற்ற ஆசிரியர்களுடன் சனிக்கிழமை அமர்ந்து பேசியபோது இலக்கணமா பேச்சா என்ற சண்டை தீர்ந்துவிட்டதா என்று கேட்டோம். இல்லை, எந்த வகுப்பில் எது என்று பிரித்திருக்கிறோம் என்றார்.

நம் புனிதர்களையும் பெரியவர்களையும் பற்றி எழுதும்போது குறையே இல்லாதவர்போல் எழுதிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. பெஸ்கியிடம் சினமும் இருந்தது. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து அவர் எழுதிய வேத விளக்கம், பேதகம் மறுத்தல் போன்ற நூல்களின் கடுமை இன்று கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் கொண்டாடுகிற நமக்குக் கூச்சம் தருகிறது. அந்தப் பக்கமிருந்தும் கடுமைதான் வந்தது என்பது உண்மை. அது சமாதானம் ஆகாது. ஆனால் இதில் ஒரு வியப்பான திருப்பம். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது. எங்கே? தரங்கம்பாடியில், அதே லுத்தரன் சபையாரின் அச்சகத்தில். அவர்களுக்கும் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. அதைவிட நல்ல இலக்கணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வேதத்தில் எதிரியாக நின்றவரின் பாடநூலைத் தங்கள் கைக்காசில் அச்சிட்டுத் தங்கள் போதகர்களுக்குக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையையும் நாம் சொல்லியாக வேண்டும்.

அவரைப் பற்றிய கதைகளும் பல. சந்தா சாகிபின் திவானாக இருந்தார், பல்லக்கில் பவனி வந்தார் என்றெல்லாம் பிற்காலத்தார் எழுதினர். திவான் கதையை வரலாற்று ஆசிரியர்கள் ஏற்பதில்லை. தேம்பாவணியை அவர் பாடவில்லை, கவிராயரே பாடினார் என்ற ஐயமும் கிளப்பப்பட்டதுண்டு. இலக்கணம், அகராதி, உரைநடை என அவர் செய்தவற்றைச் சேர்த்துப் பார்க்கிறவருக்கு அந்த ஐயம் நெடுநேரம் நிற்காது.

ஆங்கிலம் இந்நாட்டில் ஆட்சிமொழியாக வேரூன்றிய காலத்திலும் அவர் பெயர் வேறு விதமாக வந்தது. 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கம்பெனியின் இளம் ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே நம் மொழிகளைப் படித்தாக வேண்டும். அவர்கள் முன் வைக்கப்பட்டது பெஸ்கியின் நூல்கள். கல்லூரியில் பணியாற்றிய முத்துசாமிப் பிள்ளை தென்பகுதி எங்கும் சென்று அவருடைய சுவடிகளைத் தேடினார். 1822இல் அவர் வாழ்க்கையையும் தமிழில் எழுதினார். அதே 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பரமார்த்த குரு கதையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது. 1831இல் கொடுந்தமிழ் இலக்கணமும் ஆங்கிலத்தில் வந்தது. நம் பிள்ளைகள் இன்று எந்த மொழியின் முன் தயங்கி நிற்கிறார்களோ அந்த மொழிக்காரர்கள் அன்று ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் இவருடைய புத்தகத்தின் முன் அமர்ந்திருந்தார்கள். வகுப்பில் பயந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள் என்று ஆசிரியையிடம் கூறியிருக்கிறோம்.

1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டுகளில் சந்தா சாகிபு, மராட்டியர் என்று படைகள் மாறி மாறி வந்தன. அறுபது வயதை எட்டிய பெஸ்கி தெற்கே வந்து, இறுதியில் சேர நாட்டுக்குச் சென்றார். திருச்சூர்ப் பக்கத்து ஆம்பழக்காட்டில் இருந்த இயேசு சபை இல்லத்தில் 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அந்த ஆம்பழக்காட்டில்தான் அருட்தந்தை அந்தாவோ தெ புரோவென்சா செய்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி அச்சேறியது. ஆண்டு 1679, பெஸ்கி பிறப்பதற்கு ஓராண்டு முன்.